பழைய எக்ஸ்-மென்னைப் பார்க்காமல் '97-ஐ ஆரம்பிக்கலாமா?

கேள்வி இதுதான்: "தொண்ணூறுகளில் வந்த எக்ஸ்-மென் கார்ட்டூனை நான் பார்த்ததே இல்லை. எக்ஸ்-மென் '97 ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நேராக இதை ஆரம்பிக்கலாமா, இல்லை பழையதன் 76 எபிசோடையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டுமா? இந்தக் கொண்டாட்டமெல்லாம் சின்ன வயது ஞாபகத்தால் வருவதுதானா?"

நேராக ஆரம்பிக்கலாம், கதை புரியும். ஆனால் புரிவது வேறு, உறைப்பது வேறு. பழைய தொடரில் சில எபிசோடுகளையாவது பார்த்துவிட்டு வந்தால்தான் '97 உறைக்கும். 76-ஐயும் பார்க்கத் தேவையில்லை, பதின்மூன்று போதும், எவை என்று கடைசியில் சொல்கிறேன். ஐந்தாம் எபிசோடில் நடப்பதைத் தொடாமல் மீதிக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அதனால் கதை தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதே கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

சின்ன வயது ஞாபகமா என்றால், அது மட்டும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பழைய டைட்டில் மியூசிக்கையும் பழைய உடைகளையும் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிற தொடர்கள் எத்தனையோ வந்துவிட்டன. '97 வேறு மாதிரி. பழைய தொடரில் நடந்த ஒவ்வொன்றும் நிஜமாகவே நடந்தது, அதற்கு ஒரு விளைவு இருந்தே தீரும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். இதை விளக்க, பழையது எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எக்ஸ்-மென் என்பது பிறவியிலேயே விசேஷ சக்தியோடு பிறந்த 'மியூட்டன்ட்'களின் அணி. அந்தக் காமிக்ஸை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் தொடங்கினார்கள். அதை டிவிக்குக் கொண்டுவர வேண்டும் என்று பல வருடம் விடாமல் முயன்றவர் மார்கரெட் லோஷ். 1989-இல் ஒரு முன்னோட்ட எபிசோட் வந்தது, தொடராக வளரவில்லை. அப்புறம் அவரே ஃபாக்ஸ் கிட்ஸின் தலைவராக வந்ததும் மறுபடி எடுத்தார். எரிக் லீவால்ட் எழுத்துப் பொறுப்பு, லாரி ஹூஸ்டன் இயக்கம். 1992 அக்டோபர் 31-இல் முதல் எபிசோட் ஒளிபரப்பானது. அமெரிக்காவில் அந்தக் காலத்துச் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த வாரம் எதைப் போட்டாலும் புரிய வேண்டும், கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். இவர்கள் முதல் கதையிலேயே அதை மீறினார்கள். இரண்டு பாகமாக வரும் அந்தக் கதையில் மார்ஃப் என்ற சிரிப்பூட்டும் கதாபாத்திரத்தைச் சாகடித்தார்கள், அணியில் இன்னொருவரான பீஸ்டைச் சிறைக்கு அனுப்பினார்கள், அந்த சீசனின் பெரும்பகுதியும் அவர் சிறையிலேயே இருந்தார். குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் ஒரு ஹீரோ மூன்று மாதம் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் புரியாது.

ஆனாலும் கை கட்டப்பட்டுத்தான் இருந்தது. சேனலின் தணிக்கைப் பிரிவு வசனத்தைப் பார்க்கும், அடியைப் பார்க்கும், ரத்தம் கூடவே கூடாது. வுல்வரின் தன் நகங்களை வெளியே இழுத்தால் அவை பெரும்பாலும் ரோபோக்களைத்தான் கிழிக்கும். மார்ஃபும் இரண்டாம் சீசனில் உயிரோடு திரும்பி வந்துவிட்டார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: எவ்வளவு மோசமாகப் போனாலும் இந்த வீட்டில் கடைசியில் எல்லோரும் இருப்பார்கள். இந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், '97 அதன் மேல்தான் கை வைக்கிறது.

பழைய தொடர் 1997 செப்டம்பரில் முடிந்தது. கடைசி எபிசோடின் பெயர் 'கிராஜுவேஷன் டே'. மியூட்டன்ட்களை வெறுக்கும் ஹென்றி கைரிச் என்ற அதிகாரி, அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியரைத் தாக்குகிறார். பூமியில் அவரைக் காப்பாற்ற முடியாத நிலை. விண்வெளியில் இருக்கும் ஷியார் பேரரசின் அரசி லிலாண்ட்ரா வந்து அவரை அங்கே எடுத்துக்கொண்டு போகிறாள். போவதற்கு முன் படுத்த படுக்கையாகவே அவர் மாணவர்களிடம் விடைபெறுகிறார். அந்தப் படுக்கையின் பக்கத்தில் அவருடைய பழைய நண்பரும் எதிரியுமான மேக்னீட்டோவும் நிற்கிறார். அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

2024 மார்ச் 20-இல் டிஸ்னி பிளஸ்ஸில் '97 வந்தபோது நமக்கு 27 வருடம் ஓடியிருந்தது, கதைக்குள் ஓடியது சுமார் ஒரு வருடம்தான். முதல் சீசன் பத்து எபிசோட், மே 15-இல் முடிந்தது. போ டிமேயோ தலைமை எழுத்தாளர். லீவால்ட் தம்பதியையும் லாரி ஹூஸ்டனையும் ஆலோசகர்களாகக் கூடவே வைத்துக்கொண்டார்கள். குரல்களிலும் அதே அக்கறை. வுல்வரினுக்கு கால் டாட், ரோக்குக்கு லெனோர் ஸான், பீஸ்டுக்கு ஜார்ஜ் புஸா, ஸ்டார்முக்கு அலிசன் சீலி-ஸ்மித் என்று பழைய குரல்களே திரும்பி வந்தன. சைக்ளாப்ஸுக்குக் குரல் கொடுத்த நார்ம் ஸ்பென்சரும் மேக்னீட்டோவுக்குக் கொடுத்த டேவிட் ஹெம்ப்ளனும் 2020-இல் காலமாகிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு ரே சேஸும் மாத்யூ வாட்டர்சனும் வந்தார்கள். மேக்னீட்டோ பாத்திரத்தில் வாட்டர்சன் பேசுவதைக் கேட்டால் ஆளை மாற்றிவிட்டார்களே என்ற குறை இரண்டு காட்சியில் போய்விடும். பழைய கேம்பிட்டின் குரலான கிறிஸ் பாட்டர் இங்கே கேபிளுக்குப் பேசுகிறார். பழைய ஜீன் கிரேயின் குரலான கேத்ரின் டிஷர் இங்கே டாக்டர் வேலரி கூப்பர் என்ற அரசு அதிகாரி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

படம் வரைந்த விதத்தைப் பற்றி ஒன்று. பழையதை வரைந்தது தென் கொரியாவின் ஏகாம் நிறுவனம், புதியதில் முக்கியப் பங்கு அதே நாட்டின் ஸ்டுடியோ மிர்ருக்கு. உடைகள், வண்ணங்கள், முகங்கள் எல்லாம் பழையபடியே இருக்கும், அசைவு மட்டும் வேறு உலகம். முதல் எபிசோடில் சைக்ளாப்ஸ் வானத்திலிருந்து விழும் இடத்தைப் பாருங்கள். பாராசூட் கிடையாது. தரை நெருங்கி வரும்போது கண்ணிலிருந்து வரும் கதிரைக் கீழே பாய்ச்சி, அது தரையில் மோதித் தள்ளுகிற தள்ளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குகிறார். பழைய தொடரில் இவர் எப்போதும் கட்டளை போட்டுக்கொண்டிருக்கும் சலிப்பான தலைவர். பல பேருக்கு இவரைப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அவரிடம் இத்தனை வருடம் இருந்த திறமையை யாரும் சரியாகக் காட்டவில்லை என்பதை அந்தச் சில நொடிகளில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் எபிசோட் இன்னும் நல்லது. இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் சேவியர் தன் பள்ளியையும் அணியையும் மேக்னீட்டோவிடம் உயில் எழுதி வைத்துவிட்டார். அணியில் யாருக்கும் அது ஜீரணமாகவில்லை. மேக்னீட்டோ ஐ.நா. முன் விசாரணைக்குத் தானே நிற்கிறார். காமிக்ஸில் 1985-இல், 200-ஆம் இதழில் வந்த விசாரணையின் சாயல் இது. வெளியே வெறுப்புக் கும்பல் கட்டிடத்துக்குள் புகுகிறது. அதே நேரத்தில் சைக்ளாப்ஸின் மனைவி ஜீனுக்குப் பிரசவ வலி. வுல்வரின் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மியூட்டன்ட்டுக்குப் பிரசவம் பார்க்க மாட்டேன் என்று டாக்டர் கையை விரித்துவிடுகிறார். ரோக் வருகிறாள், கையுறையைக் கழற்றி டாக்டரைத் தொடுகிறாள், அவருடைய மருத்துவ அறிவை உறிஞ்சிக்கொண்டு தானே பிரசவம் பார்க்கிறாள். தொட்டவரின் சக்தியையும் நினைவையும் பிடுங்கிக்கொள்ளும் இந்தத் தொடுகையை ரோக் வாழ்நாள் முழுக்கச் சாபமாகவே சுமந்தவள், அதனாலேயே யாரையும் தொடாமல் வாழ்ந்தவள். ஒரு உயிர் பிறக்க அந்தச் சாபமே கைகொடுக்கிறது. சண்டைக் காட்சிகளுக்கு நடுவே ஒரு நிமிடத்தில் வந்து போகிற இதை, பழையதைப் பார்க்காதவர் "சாமர்த்தியமான ஐடியா" என்று கடந்துவிடுவார். பார்த்தவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

சரி, ஐந்தாம் எபிசோட். 2024 ஏப்ரல் 10-இல் வந்தது. ஜெனோஷா என்ற தீவு இப்போது மியூட்டன்ட்களின் சொந்த நாடு. ஐ.நா. அங்கீகாரம் கிடைத்திருக்கிறது, அன்றைக்குக் கொண்டாட்டம். மேக்னீட்டோ, ரோக், கேம்பிட் மூவரும் போயிருக்கிறார்கள். பழைய தொடரின் முதல் சீசனில் ஸ்டார்மும் ஜூபிலியும் கேம்பிட்டும் விடுமுறைக்கென்று ஜெனோஷாவுக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள். கழுத்தில் பட்டையை மாட்டி, சக்தியை அடக்கி, அடிமைகளாக வைத்து வேலை வாங்குவார்கள். கேம்பிட் அடிமையாக நின்ற அதே மண்தான் இப்போது எல்லோருக்கும் வீடு. தெருவில் பல விதமான உடம்போடு இருக்கும் மியூட்டன்ட்கள் மறைக்காமல் நடக்கிறார்கள், சாக்கடைக்குள் ஒளிந்து வாழ்ந்த மோர்லாக்குகள் வெயிலில் நிற்கிறார்கள். எழுதியவர்கள் அவசரப்படாமல் இந்த நிம்மதியைக் காட்டுகிறார்கள்.

மேக்னீட்டோ ரோக்கைத் தன் பக்கத்தில் அரசியாக இருக்கக் கேட்கிறார். அவருடைய காந்த சக்தியால் அவர் ஒருவரைத்தான் ரோக்கால் ஆபத்தில்லாமல் தொட முடியும். கேம்பிட்டை அவள் நேசிக்கிறாள், தொட முடியாது. விருந்தில் ஏஸ் ஆஃப் பேஸின் 'ஹேப்பி நேஷன்' பாட்டு ஓட, மேக்னீட்டோவும் ரோக்கும் எல்லோர் முன்னாலும் ஆடுகிறார்கள். ஆடி முடித்துவிட்டு அவள் அவரிடம் மறுக்கிறாள், சில விஷயங்கள் தோலுக்கும் கீழே இருப்பவை என்கிற பொருளில். பேச்சு முடிவதற்குள் மியூட்டன்ட்களை வேட்டையாடும் ராட்சத ரோபோவான சென்டினல் ஒன்று, மூன்று தலையோடு, நகரத்தின் மேல் வந்து நிற்கிறது.

அடுத்து வரும் நிமிடங்களை விவரித்துத் தீர்க்க முடியாது, இரண்டை மட்டும் சொல்கிறேன். மேக்னீட்டோ இரும்புத் துண்டுகளைச் சேர்த்து மோர்லாக் குழந்தைகளுக்கு மேல் கூரையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரோக்கை இரும்பால் சுற்றித் தூரமாக எறிந்துவிடுகிறார். பக்கத்தில் நடுங்கும் லீச் என்ற சிறுவனிடம் பயப்படாதே என்று ஜெர்மனில் சொல்கிறார். நாஜி முகாமில் குழந்தையாக இருந்து பிழைத்தவர் அவர். கடைசி நேரத்தில் நாவில் வருவது அந்தக் குழந்தைப் பருவத்து மொழி. அப்புறம் கேம்பிட். சென்டினலின் கூரான கை அவர் உடம்பைத் துளைத்துத் தூக்கிவிடுகிறது. கையில் தொட்ட பொருளில் வெடிசக்தி ஏற்றுவது அவர் திறமை, இத்தனை வருடம் அதைச் சீட்டுக்கட்டில் செய்து விளையாடியவர். இப்போது தன்னைக் குத்திய கையிலேயே சக்தியை ஏற்ற ஆரம்பிக்கிறார். அந்த ரோஸ் வெளிச்சம் கை வழியாக ஏறி அந்த ராட்சத உடம்பு முழுக்கப் பரவி வெடிக்கிறது. தன் பெயரைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள் என்கிறார். எபிசோடின் தலைப்பே 'ரிமம்பர் இட்'.

வெடிப்பு ஓய்ந்து ரோக் அவரைத் தேடி வந்து மடியில் எடுத்துக்கொள்கிறாள். வெறும் கையால் அவர் முகத்தைத் தொடுகிறாள். எதுவும் நடக்கவில்லை. அவளால் அவரை உணர முடியவில்லை. அவள் சக்தி உயிருள்ளவரிடம் மட்டும்தான் வேலை செய்யும். ஐந்து சீசன் முழுக்க எந்தத் தொடுகைக்காக இருவரும் ஏங்கினார்களோ, அது இப்போது கிடைத்திருக்கிறது. இதை அவள் ஒரு வரியில் சொல்வதோடு எபிசோட் முடிகிறது. லெனோர் ஸான் 1992-இல் கொடுத்த அதே குரல், இப்போது வயது ஏறிக் கொஞ்சம் கரகரத்திருக்கிறது. நான் அதைப் பார்த்த இரவு டிவியை அணைத்துவிட்டு வெகு நேரம் தூங்கவில்லை. இந்த எபிசோட் எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பரிந்துரைக்கப்படாமல் போயிருந்தாலும் என் கருத்து இதுதான்: சூப்பர்ஹீரோ அனிமேஷனில் இவ்வளவு கனமான அரை மணி நேரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

காமிக்ஸிலும் ஜெனோஷா அழிகிறது. 2001-இல் கிராண்ட் மாரிசன் எழுதிய கதையில் 1 கோடியே 60 லட்சம் மியூட்டன்ட்கள் சாகிறார்கள். அங்கே அந்த எண்ணிக்கைதான் அதிர்ச்சி. இங்கே எண்ணிக்கையை நம்பவே இல்லை, செத்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். அந்தப் பழைய நம்பிக்கையைச் சொன்னேனே, கடைசியில் எல்லோரும் இருப்பார்கள் என்பது, அது உடைவது இங்கேதான். வெறுமனே உடைக்கவும் இல்லை. பழைய தொடர் சனிக்கிழமைக் குழந்தைகளிடம் சொல்ல விடாமல் தடுக்கப்பட்டதை, அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு வந்து சொல்லி முடிக்கிறார்கள்.

இப்போது வேலரி கூப்பர். ஜெனோஷாவில் உயிர் தப்பியவர்களில் அவரும் ஒருவர். எட்டாம் எபிசோடில், ஜெனோஷாவில் செத்துவிட்டதாக நினைத்த, ஆனால் உயிரோடு பிடித்து வைக்கப்பட்டிருக்கும் மேக்னீட்டோவை அவரே விடுவிக்கிறார். விடுவிப்பதற்கு முன், அந்தப் படுகொலையின்போது தன்னை உலுக்கியது சாவு கூட இல்லை, இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்ற உணர்வுதான் என்கிறார். மனிதர்கள் மியூட்டன்ட்களை வாழ விட மாட்டார்கள் என்று மேக்னீட்டோ சொன்னது சரிதான் என்ற முடிவுக்கு வருகிறார். ஒரு மனிதப் பெண், அரசு அதிகாரி, இதைச் சொல்கிறார். சொல்லும் குரலோ, மனிதரும் மியூட்டன்ட்டும் சேர்ந்து வாழலாம் என்ற சேவியரின் கனவைக் கடைசி வரை நம்பிய பழைய ஜீனுடையது. எனக்கு அந்தக் காட்சியில் சிலிர்த்தது இதனால்தான்.

குறைகளும் உண்டு. வேகம் சில இடத்தில் அநியாயம். ஜீனின் நகலான மேடலின் பிரயரின் கதை காமிக்ஸில் பல வருடம் ஓடியது. தான் நகல் என்று அவள் தெரிந்துகொள்வதும், உடைவதும், எதிரியாவதும், குழந்தையைப் பிரிவதும் இங்கே மூன்றாம் எபிசோடுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அழ நேரம் கொடுக்காமல் அடுத்த காட்சிக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாலாவதில் ஜூபிலி வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொள்ளும் கதை இனிமையானதுதான், ஆனால் ஸ்டார்மும் ஃபோர்ஜும் வரும் கதையோடு ஒரே எபிசோடைப் பங்குபோட்டு இரண்டுமே குறுகிப்போயின. சக்தியை இழந்த ஸ்டார்மின் கதைக்கு ஒரு முழு எபிசோட் கொடுத்திருக்க வேண்டும். கடைசி மூன்று எபிசோடுகளிலும் பெயர்கள் மளமளவென்று வந்து விழும். பழகாதவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று தடுமாறுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்பதாவதில் மேக்னீட்டோ வுல்வரினின் எலும்பிலிருந்து அடமான்டியம் என்ற உலோகத்தை உருவி எடுக்கும் காட்சிக்கு எந்தப் பழக்கமும் தேவையில்லை. 1993-இல் காமிக்ஸில் வந்தது அது. முப்பது வருடம் திரைக்கு வராமல் இருந்ததை இவர்கள் அரைகுறையாகச் செய்யவில்லை.

இனி பதின்மூன்று எபிசோடுகள். முதல் சீசனில் 'நைட் ஆஃப் த சென்டினல்ஸ்' இரண்டு பாகமும் கட்டாயம், ஏனென்றால் '97-இன் முதல் எபிசோடே அதற்கு எதிரொலி. அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட ஜூபிலிதான் இங்கே ரொபெர்டோ என்ற பையனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறாள். அதே சீசனில் 'எண்டர் மேக்னீட்டோ', 'டெட்லி ரீயூனியன்ஸ்', அப்புறம் ஜெனோஷாவுக்காக 'ஸ்லேவ் ஐலண்ட்'. இரண்டாம் சீசனில் 'டில் டெத் டூ அஸ் பார்ட்' இரண்டு பாகம், மிஸ்டர் சினிஸ்டர் யார், மார்ஃபுக்கு என்ன ஆனது என்பதற்காக. ரோக்குக்காக 'எ ரோக்ஸ் டேல்', இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எதிர்காலத்திலிருந்து வரும் கேபிளுக்கும் பிஷப்புக்கும் 'டைம் ஃப்யூஜிடிவ்ஸ்' இரண்டு பாகம். நாலாம் சீசனில் 'சாங்க்சுவரி' இரண்டு பாகம், மேக்னீட்டோ ஏற்கெனவே ஒரு முறை மியூட்டன்ட்களுக்குத் தனி உலகம் அமைக்கப் பார்த்த கதை. கடைசியாக 'கிராஜுவேஷன் டே'. எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அனிமேஷன் இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரியும், வசனம் சில இடத்தில் நாடகத்தனமாக இருக்கும். இரண்டு எபிசோடில் பழகிவிடும்.

'கிராஜுவேஷன் டே'யை முடித்த கையோடு, முடிந்தால் அன்றைக்கே, '97-இன் முதல் எபிசோடைப் போட்டுவிடுங்கள். நாங்கள் காத்திருந்த 27 வருடம் உங்களுக்குப் பத்து நிமிடம். மற்ற எபிசோடுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பார்த்தாலும் பரவாயில்லை, ஐந்தாவதை மட்டும் தனியாக ஒரு இரவுக்கு ஒதுக்குங்கள், அடுத்த எபிசோட் தானாக ஓட ஆரம்பிப்பதற்குள் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுங்கள்.